இரண்டாவது ஹார்டு டிஸ்க் மாட்டியும் தெரியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் மேசைக் கணினியில் கூடுதலாக ஒரு சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் முறை) ஹார்டு டிஸ்க்கைப் பொருத்தும்போது வரும் சிக்கல்கள் இவை. சாட்டாவுக்கு முந்தைய பழைய ஐடிஇ டிரைவுக்கும் லினக்ஸுக்கும் கடைசியில் தனித்தனியாகப் பதில் இருக்கிறது. நீங்கள் மாட்டும் டிஸ்க்கில் பழைய கோப்புகள் இருந்தால், திரையில் வரும் எந்த ‘ஓகே’யையும் அழுத்துமுன் 7-வது கேள்வியைப் படித்துவிடுங்கள்.

1. டிஸ்க்கை மாட்டிவிட்டேன். மை கம்ப்யூட்டரில் காணோம். எங்கிருந்து தேடுவது?

பயாஸிலிருந்து (விண்டோஸ் ஏறுமுன் ஓடும், மதர்போர்டின் அமைப்புத் திரை). கணினி உயிர்பெற்ற கையோடு டெலீட் அல்லது எஃப்2 சாவியைத் தட்டிக்கொண்டே இருங்கள்; சில கணினிகளில் எஃப்10 அல்லது எஸ்கேப். உள்ளே ‘ஸ்டோரேஜ்’ அல்லது ‘சாட்டா கான்ஃபிகரேஷன்’ என்ற பக்கத்தில் எந்த போர்ட்டில் எந்த டிரைவ் இருக்கிறது என்று மாடல் எண்ணோடு பட்டியல் இருக்கும்.

புது டிஸ்க்கின் பெயர் அங்கே இருந்தால் வன்பொருள் பெரும்பாலும் சரி, வேலை விண்டோஸுக்குள்தான் பாக்கி; நேராக 6-வது கேள்விக்குப் போங்கள். அங்கேயே இல்லை என்றால் விண்டோஸுக்குள் என்ன செய்தாலும் வீண். சாதாரண சாட்டா டிஸ்க்குக்கென்று தனியாக டிரைவர் மென்பொருள் எதுவும் கிடையாது. அதைத் தேடித் தரவிறக்குவதில் பலர் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

2. பயாஸிலும் இல்லை. அடுத்து?

டிஸ்க் சுற்றுகிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் விரல் நுனியை லேசாக வைத்துக்கொண்டு கணினியை ஆன் செய்யுங்கள். அடியில் இருக்கும் பச்சை சர்க்யூட் பலகையைத் தொட வேண்டாம். சில நொடிகளில் மெல்லிய அதிர்வு தொடங்கி, வேகம் பிடித்து, சீராக வேண்டும். அதிர்வு இருந்தால் மின்சாரம் வருகிறது, சந்தேகம் டேட்டா கேபிள் மீதும் போர்ட் மீதும். அதிர்வே இல்லை என்றால் பவர் பக்கம் பாருங்கள். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே இல்லாததால் இந்தச் சோதனை அதற்குப் பொருந்தாது.

அடுத்த சோதனைதான் தீர்ப்பு சொல்வது. கணினியை அணைத்து, பின்பக்கம் பவர் சப்ளையின் சுவிட்சையும் அணைத்து, முன்பக்க பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். ஏற்கெனவே வேலை செய்யும் டிஸ்க்கில் இருக்கிற இரண்டு கேபிள்களையும் கழற்றிப் புது டிஸ்க்கில் செருகுங்கள். பயாஸ் வரை மட்டும் போய்ப் பாருங்கள். இப்போது தெரிந்தால் டிஸ்க் நல்லது. நீங்கள் முதலில் பயன்படுத்திய கேபிளோ போர்ட்டோ பவர் முனையோதான் பழுது. அப்போதும் தெரியாவிட்டால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான், அதற்குமுன் 5-வது கேள்வியை மட்டும் ஒருமுறை பாருங்கள்.

3. கேபிளில் என்ன கோளாறு வரும்?

சாட்டா டேட்டா முனையில் 7 தொடுபுள்ளிகள், பவர் முனையில் 15. இரண்டுமே ‘எல்’ வடிவத்தில் இருப்பதால் ஒரு பக்கமாகத்தான் நுழையும். ஆனால் முக்கால்வாசி நுழைந்த நிலையிலும் பொருந்திவிட்டது போலவே தோன்றும். கிளிப் உள்ள கேபிள் என்றால் ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். கிளிப் இல்லாதது, கேபினெட் கதவை மூடும்போது இடிபட்டு மெல்ல நழுவும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குவது மேல்.

டிஸ்க் பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிளைச் சாய்த்து இழுத்தால் அது ஒடிந்து கேபிள் முனைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கேபிள் 1 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கூரான மடிப்பும் ஆகாது. ‘சாட்டா 3’ என்று அச்சிட்ட கேபிள்தான் வேண்டும் என்பதில்லை, நல்ல நிலையில் உள்ள பழைய சாட்டா கேபிளே போதும். நிறத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

4. கேபிள் சரி, டிஸ்க் சரி. ஒரு குறிப்பிட்ட போர்ட்டில் மட்டும் தெரிவதில்லை. போர்ட் செத்துவிட்டதா?

அநேகமாக இல்லை. பல மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் (சிறு பலகை வடிவ எஸ்எஸ்டி ஏறும் இடம்) சில சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்கு போடுகின்றன. எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி ஏறினால் அந்தச் சாட்டா போர்ட்டுகள் தாமாகவே அணைந்துவிடும். எந்த ஸ்லாட் எந்த போர்ட்டை அணைக்கும் என்பது போர்டுக்குப் போர்டு மாறும். ஸ்லாட்டில் ஏறியிருப்பது சாட்டா வகை எம்.2-வா என்விஎம்இ வகையா என்பதைப் பொறுத்தும் மாறும். மதர்போர்டு கையேட்டில் இதற்கென்று ஓர் அட்டவணை உண்டு. அதைப் பார்த்து வேறு எண்ணுள்ள போர்ட்டுக்கு மாற்றினால் முடிந்தது.

பயாஸில் போர்ட் ‘டிஸேபிள்டு’ என்று இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பாருங்கள்.

5. டிஸ்க் சுற்றவே இல்லை. பவர் கேபிளை எப்படிச் சோதிப்பது?

3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வேண்டும், 2.5 அங்குல டிஸ்க்குக்கு 5 வோல்ட் போதும். ஆகவே ஒரே கேபிளில் சின்ன டிஸ்க் வேலை செய்து பெரியது செய்யாமல் இருந்தால் பெரும்பாலும் 12 வோல்ட் வரவில்லை என்று பொருள். சுற்றத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில் ஒரு 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். ஓடத் தொடங்கிய பிறகு 5 முதல் 10 வாட்தான். ஒரு டிஸ்க் கூடுவதற்காகப் பவர் சப்ளையை மாற்ற வேண்டியது அரிது.

சிக்கல் பிரிப்பான்களில் வருகிறது. ஒரு சாட்டா பவர் முனை 12 வோல்ட்டில் தாங்குவது 4.5 ஆம்பியர். அதிலிருந்து நான்கைப் பிரித்து நான்கு டிஸ்க் மாட்டினால், எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றத் தொடங்கும்போது முனை சூடாகும். பழைய நான்கு முள் மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் என்றால், முனையில் கம்பிகளைச் சேர்த்து பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு அது தீப்பற்றியதுண்டு. கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கவ்வப்பட்டு, பின்மூடியைத் திறந்து பார்க்கக்கூடிய வகையே பாதுகாப்பு.

இதைவிட ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளையில், வேறொரு பவர் சப்ளையோடு வந்த கேபிளைச் செருகுவது. டிஸ்க் பக்கம் முனை ஒன்றேதான். பவர் சப்ளை பக்கம் எந்த முள்ளில் எத்தனை வோல்ட் என்பதற்குப் பொதுத் தரம் கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், ஆன் செய்த நொடியிலேயே டிஸ்க்கின் சர்க்யூட் கருகும். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளேயே இது மாறலாம். அந்தப் பெட்டியோடு வந்த கேபிள் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

வெளிப்புற யுஎஸ்பி பெட்டியைப் பிரித்து எடுத்த டிஸ்க் சுற்றவில்லை என்றால் காரணம் வேறாக இருக்கலாம். சாட்டா பவர் முனையின் 3-வது தொடுபுள்ளியில் முன்பு 3.3 வோல்ட் வந்துகொண்டிருந்தது. புதிய தரத்தில் அதே புள்ளி டிஸ்க்கை அணைத்து வைக்கும் சமிக்ஞை. பழைய பாணிப் பவர் சப்ளை அங்கே 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருப்பதால் டிஸ்க் ‘அணைந்திரு’ என்ற கட்டளையிலேயே கிடக்கும். மோலெக்ஸில் 3.3 வோல்ட் இல்லாததால் மேலே சொன்ன நல்ல வகை மாற்று கேபிள் போட்டால் ஓடும். டிஸ்க்கின் முதல் மூன்று புள்ளிகளின் மேல் சூடு தாங்கும் மெல்லிய காப்டன் டேப் ஒட்டுவதும் உண்டு.

6. பயாஸில் தெரிகிறது, விண்டோஸில் இல்லை.

புத்தம் புது டிஸ்க் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், பழுதல்ல. அதில் இன்னும் பிரிவும் (பார்ட்டிஷன்) இல்லை, டிரைவ் எழுத்தும் (டி, இ போன்றது) இல்லை. விண்டோஸ் சாவியையும் எக்ஸ் சாவியையும் சேர்த்து அழுத்தி, பட்டியலில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டைத் திறங்கள். கீழ்ப்பகுதியில் ‘டிஸ்க் 1’ போன்ற பெயரோடு ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்று இருக்கும். இடப்பக்கப் பெயரில் வலது சொடுக்கு, ‘இனிஷியலைஸ் டிஸ்க்’, ‘ஜிபிடி’ (பிரிவுகள் எங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்கும் அட்டவணையின் புதிய வகை). பிறகு வலப்பக்கம் கறுப்புக் கோட்டோடு இருக்கும் ‘அன்அலோகேட்டட்’ கட்டத்தில் வலது சொடுக்கு, ‘நியூ சிம்பிள் வால்யூம்’, கோப்பு அமைப்பாக என்டிஎஃப்எஸ், விரைவு ஃபார்மட். முடிந்ததும் டிரைவ் எழுத்து வந்துவிடும்.

பிரிவு நீல நிறத்தில் சரியாக இருந்தும் எழுத்து மட்டும் இல்லை என்றால், அதன்மேல் வலது சொடுக்கிட்டு ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்டு பாத்ஸ்’ வழியாகக் கொடுங்கள். நிரல்கள் நிறுவப்பட்ட டிரைவின் எழுத்தைப் பின்னாளில் மாற்றினால் அவை கோப்பைத் தேடித் தவிக்கும். ஆரம்பத்திலேயே ஓர் எழுத்தை முடிவு செய்துவிடுங்கள்.

7. டிஸ்க்கில் என் பழைய கோப்புகள் இருக்கின்றன. விண்டோஸ் இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா என்று கேட்கிறது.

இரண்டுக்குமே ‘கேன்சல்’. கோப்புகள் இருந்த டிஸ்க் ‘ரா’ என்றோ ‘நாட் இனிஷியலைஸ்டு’ என்றோ தெரிந்தால், தரவு அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. விண்டோஸுக்குப் பிரிவு அட்டவணையோ கோப்பு அமைப்போ புரியவில்லை, அவ்வளவே. இனிஷியலைஸ் செய்தால் அந்த அட்டவணை மேலெழுதப்படும். ஃபார்மட் செய்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

முதலில், அந்த டிஸ்க் முன்பு எதில் இருந்தது என்று யோசியுங்கள். யுஎஸ்பி பெட்டியிலோ டாக்கிலோ இருந்ததென்றால் விடை பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. சில பெட்டிகளின் உள்சர்க்யூட், 512 பைட் செக்டர்களை 4096 பைட் செக்டர்களாகக் கணினிக்குக் காட்டும். அந்தக் கணக்கில் எழுதிய பிரிவு அட்டவணை, டிஸ்க்கை நேரடியாகச் சாட்டாவில் மாட்டியதும் தவறான இடங்களைச் சுட்டும். வேறு சில பெட்டிகள் நீங்கள் கடவுச்சொல்லே வைக்காவிட்டாலும் தரவை மறைகுறியாக்கித்தான் எழுதும். இரண்டுக்கும் ஒரே வழி: டிஸ்க்கைத் திரும்ப அதே பெட்டியில் வைத்து, கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுத்து, பிறகு உள்ளே மாட்டிப் புதிதாகப் பிரித்துக்கொள்வது.

மேக்கிலோ லினக்ஸிலோ பயன்படுத்திய டிஸ்க்கும் விண்டோஸில் இப்படித்தான் தெரியும். அதை அந்தந்த இயங்குதளத்தில் வைத்தே படியுங்கள். ‘செக்டிஸ்க்’ கட்டளையை அவசரப்பட்டு ஓட்டாதீர்கள். அது கோப்பு அமைப்பைச் சீராக்கத்தான் பார்க்கும், உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை.

8. 1 டிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது. 4 டிபியில் பாதிதான் பயன்படுத்த முடிகிறது.

இவை இரண்டும் வேறு வேறு. முதலாவது கணக்கு வித்தியாசம். தயாரிப்பாளர் ஆயிரங்களில் எண்ணுகிறார், விண்டோஸ் 1024-களில் எண்ணுகிறது. 1 டிபி 931 ஆகவும் 2 டிபி 1863 ஆகவும் 4 டிபி 3726 ஆகவும் தெரியும். எதுவும் குறையவில்லை.

இரண்டாவது, டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பிரிவு அட்டவணை முறையில் இனிஷியலைஸ் செய்ததன் விளைவு. அதில் 2048 ஜிபிக்கு மேல் முகவரி போட முடியாது. 4 டிபி டிஸ்க்கில் மீதி 1678 ஜிபி கறுப்புக் கோட்டோடு சும்மா கிடக்கும். டிஸ்க் காலியாக இருந்தால் பிரிவுகளை நீக்கிவிட்டு இடப்பக்கப் பெயரில் வலது சொடுக்கிட்டு ‘கன்வர்ட் டு ஜிபிடி டிஸ்க்’ கொடுங்கள். தரவு இருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள்.

9. டிஸ்க் ‘ஆஃப்லைன்’ என்றோ ‘ஃபாரின்’ என்றோ இருக்கிறது.

ஆஃப்லைன் பெரும்பாலும் நகலெடுத்த டிஸ்க்கில் வரும். பழையதை அப்படியே க்ளோன் செய்திருந்தால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண். விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைக்கும். வலது சொடுக்கிட்டு ‘ஆன்லைன்’ கொடுத்தால் அதன் அடையாள எண்ணை விண்டோஸ் மாற்றி எழுதும். அந்த க்ளோனிலிருந்து பிறகு பூட் செய்ய நினைத்திருந்தால் இந்த மாற்றம் அதைக் கெடுக்கலாம். அப்படியானால் இரண்டையும் ஒரே கணினியில் சேர்த்து வைக்காதீர்கள்.

ஃபாரின் என்பது வேறொரு கணினியில் ‘டைனமிக்’ டிஸ்க்காக அமைத்தது. ‘இம்போர்ட் ஃபாரின் டிஸ்க்ஸ்’ கொடுத்தால் தரவோடு வரும். ‘கன்வர்ட் டு பேசிக்’ கொடுத்தால் தரவு போய்விடும். இரண்டும் ஒரே மெனுவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, கவனம்.

10. டிஸ்க்கைச் சேர்த்ததும் விண்டோஸே ஏறவில்லை.

பயாஸ் புது டிஸ்க்கிலிருந்து பூட் செய்யப் பார்க்கிறது. பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதைப் பழைய டிரைவின் பெயரோடு முதலிடத்தில் வையுங்கள். பழைய பயாஸில் ஹார்டு டிஸ்க்குகளுக்குள் யார் முதல் என்பதற்குத் தனிப்பட்டியல் இருக்கும். பொது வரிசையை மட்டும் மாற்றினால் போதாது. இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றினால் ஏறுகிறது, மாட்டினால் நிற்கிறது, பூட் வரிசையும் சரி என்றால், அந்த டிஸ்க் பதில் சொல்லாமல் பயாஸைக் காக்க வைக்கிறது. பழுதான டிஸ்க் ஆரம்பத் திரையிலேயே கணினியை நிமிடக்கணக்கில் நிறுத்தும்.

இதன் மறுபக்கமும் உண்டு: பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டால் புதியதில் உள்ள விண்டோஸ் ஏறாது. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது விண்டோஸை நிறுவினால், பூட் கோப்புகள் ஏற்கெனவே இருந்த டிஸ்க்கின் இஎஃப்ஐ பிரிவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விண்டோஸ் நிறுவும்போது மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைப்பது இதற்காகத்தான்.

11. பயாஸில் ஏஹெச்சிஐ, ரெய்டு என்று இருக்கிறது. மாற்றிப் பார்க்கலாமா?

இவை சாட்டா டிஸ்க்குகளோடு கணினி பேசும் முறைகள்; ரெய்டு பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்க உதவுவது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் சும்மா மாற்றாதீர்கள். ‘இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்’ என்று நீலத்திரை வரும். திரும்பப் பழையபடி வைத்தால் சரியாகிவிடும். மாற்றியே ஆக வேண்டுமானால், விண்டோஸில் ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து பூட் பக்கத்தில் சேஃப் பூட்டைத் தேர்ந்தெடுங்கள். மறுதொடக்கத்தின்போது பயாஸில் ஏஹெச்சிஐ ஆக்குங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஒருமுறை ஏறித் தேவையான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு சேஃப் பூட் குறியை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் மறைகுறியாக்கம்) இருந்தால் மீட்புச் சாவி கையில் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

12. பழைய கணினியின் டிஸ்க்கை மாட்டினேன். கோப்புறையைத் திறந்தால் அனுமதி இல்லை என்கிறது.

பழைய விண்டோஸின் பயனர் கணக்கு இந்தக் கணினிக்குத் தெரியாது. நிர்வாகி கணக்கில் நுழைந்து ‘கன்டினியூ’ கொடுத்தால் பல நேரம் திறக்கும். இல்லாவிட்டால் கோப்புறையின் ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு வழியாக உரிமையாளரை உங்கள் கணக்காக மாற்றுங்கள். உங்களுக்கு வேண்டிய கோப்புறைக்கு மட்டும் செய்யுங்கள், முழு டிரைவுக்கும் வேண்டாம்.

டிரைவின் மேல் பூட்டுப் படம் இருந்தால் அது பிட்லாக்கர். 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். பல கணினிகளில் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் தானாகவே சேமிக்கப்பட்டிருக்கும். சாவி இல்லாமல் வழி இல்லை.

13. டிஸ்க் வருகிறது, திடீரென்று காணாமல் போகிறது, மறுபடி வருகிறது.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச நிரலில் ஸ்மார்ட் எண்களை (டிஸ்க் தன் நலத்தைத் தானே கண்காணித்து வைக்கும் பதிவு) பாருங்கள். நான்கு வரிகள் போதும். 199 (சில நிரல்களில் சி7) ஏறிக்கொண்டே போனால் கேபிள் வழியில் தரவு சிதைகிறது, டேட்டா கேபிளை மாற்றுங்கள். இந்த எண் ஒருபோதும் குறையாது. கேபிள் மாற்றிய பிறகு மேலும் ஏறாமல் நின்றால் சரியாகிவிட்டது. 5, 197, 198 ஆகிய மூன்றும் தட்டின் மேற்பரப்பைப் பற்றியவை. 197-ல் பூஜ்ஜியம் அல்லாத எண் வந்தால் முதல் வேலை காப்புப் பிரதி. புது டிஸ்க்கிலேயே இந்த மூன்றில் ஒன்று ஏறினால் உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள், ஃபார்மட் செய்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மதிப்புகளைப் பதினாறடிமான எண்களில் காட்டும்; அமைப்பில் பத்தடிமானத்துக்கு மாற்றினால் குழப்பம் இல்லை.

சும்மா இருந்துவிட்டுத் திறக்கும்போது மட்டும் சில நொடிகள் தாமதம் என்றால் பழுதல்ல. பவர் ஆப்ஷன்ஸில் ‘டர்ன் ஆஃப் ஹார்டு டிஸ்க்’ நேரம் முடிந்து டிஸ்க் தூங்கியிருக்கிறது.

14. ‘டக், டக்’ என்று சத்தம்.

ஒரே சீரான இடைவெளியில் டக்கென்று தட்டி, சுற்று நின்று, மறுபடி தொடங்கினால் படிக்கும் தலை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைகிறது. பவர் போதாவிட்டாலும் இதே சத்தம் வரும், ஆகவே பிரிப்பான் இல்லாத நேரடி பவர் முனையில் ஒரே ஒரு முறை மாட்டிப் பாருங்கள். அப்போதும் தட்டினால் அணைத்துவிடுங்கள். உள்ளே முக்கியமான தரவு இருந்தால் ஒவ்வொரு தடவை ஆன் செய்வதும் தட்டைக் கீறலாம். தரவு மீட்பு ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

எழுதும்போது மட்டும் வரும் மெல்லிய கொறிப்புச் சத்தம் இயல்பு. கேபினெட் முழுக்க உறுமினால் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தடித்த மரை உள்ள ஸ்க்ரூ, 2.5 அங்குலத்துக்கு மெல்லிய மரை உள்ள எம்3. மாற்றிப் போட்டால் மரை கெடும். நான்கும் போடுங்கள். முழு பலத்தையும் காட்டி முறுக்க வேண்டாம். பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் சிலவற்றில் பக்கவாட்டு நடு ஓட்டை இருக்காது. பழைய கேபினெட்டின் தட்டில் பொருந்தவில்லை என்றால் அடிப்பக்க ஓட்டைகளைப் பயன்படுத்துங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் நடுவே ஓர் அடுக்கு காலியாக விடுங்கள். வெப்பம் 50 பாகையைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

15. ஃபார்மட் பல மணி நேரம் ஓடுகிறது. நகலெடுப்பதும் முதலில் வேகம், பிறகு ஆமை.

விரைவு ஃபார்மட் குறியை எடுத்துவிட்டால் விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதும். 4 டிபிக்கு 7, 8 மணி நேரம் ஆவது சாதாரணம். வாங்கிய புதிதில் ஒருமுறை இப்படி முழுதாக ஓடவிட்டு, பிறகு ஸ்மார்ட் எண்களைப் பார்ப்பது நல்ல பழக்கம். பழுதுள்ள டிஸ்க் உத்தரவாதக் காலத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

எழுதும் வேகம் சில பத்து ஜிபிக்குப் பின் பாதாளத்துக்குப் போனால் அது எஸ்எம்ஆர் வகை டிஸ்க்காக இருக்கலாம். அதில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு படிந்திருப்பதால், ஒன்றைத் திருத்த அடுத்துள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். படங்களையும் காணொளிகளையும் சேமித்து வைக்க ஒத்துவரும். ரெய்டுக்கும் ஓயாமல் எழுதும் வேலைக்கும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகையை வாங்குங்கள். தயாரிப்பாளரின் விவரத்தாளில் வகை குறிப்பிட்டிருக்கும்.

16. பட்டைக் கேபிள் உள்ள பழைய ஐடிஇ டிரைவ்.

ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் இருந்தால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இரண்டும் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம். பின்பக்கம் டேட்டா முனைக்கும் பவர் முனைக்கும் இடையில் இருக்கும் ஜம்பரை, டிரைவின் மேல் ஒட்டிய படத்தின்படி மாற்றுங்கள். இரண்டையும் ‘கேபிள் செலக்ட்’டில் வைத்தால் 80 கம்பிப் பட்டைக் கேபிளின் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் உள்ள சாம்பல் முனை ஸ்லேவுக்கு. பட்டையின் நிறக்கோடு வழக்கமாகப் பவர் முனை இருக்கும் பக்கம் வரும். 137 ஜிபிக்கு மேல் தெரியாவிட்டால் அது அந்தக் கால பயாஸின் எல்லை.

17. லினக்ஸில்?

‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையில் டிஸ்க் தெரிந்தால் வன்பொருள் சரி. எந்தெந்தப் பிரிவைத் தானாக இணைப்பது என்று குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் சேர்க்கும்போது ‘எஸ்டிபி1’ போன்ற பெயரைப் போடாமல், பிரிவின் மாறாத அடையாள எண்ணான யுயுஐடி-யைப் போடுங்கள். கேபிள் மாறினாலும் மறுதொடக்கத்திலும் அந்தப் பெயர்கள் இடம் மாறும். கூடவே ‘நோஃபெயில்’ சேருங்கள். இல்லாவிட்டால் என்றாவது அந்த டிஸ்க் கழன்றிருந்தால் கணினி பாதியிலேயே அவசர நிலையில் நின்றுவிடும். என்டிஎஃப்எஸ் பிரிவைப் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ அதை அரைத்தூக்கத்தில் விட்டிருக்கிறது. அதை விண்டோஸுக்குள் போய் அணைத்து, ஒருமுறை முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டு வாருங்கள்.